தாய்லாந்து உணவும் திராட்சை மதுவும்

உணவுக்கேற்ற திராட்சை மதுவைத் தேர்வது ஐரோப்பிய வழக்கம். அங்கு உணவு வகைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறப்படுவதால் ஒவ்வொன்றுக்கும் தனி மது வைக்கலாம். தாய்லாந்தில் சோற்றுடன் எல்லாக் கறிகளையும் ஒருசேர வைத்துப் பகிர்ந்து உண்பர். புளிப்பு, இனிப்பு, உவர்ப்பு, காரம் யாவும் ஒரே வேளையில் நாவில் சேரும்.

இவற்றுள் மதுவுக்கு ஒத்துவராதது மிளகாய்க் காரமே. மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1511இல் அயூத்தியாவுடன் தொடர்பு கொண்ட போர்த்துக்கேயரின் வணிகத்தால், 16ஆம் நூற்றாண்டில் அது தாய்லாந்தை அடைந்தது எனக் கருதப்படுகிறது. அதற்கு முன் காரம் தந்தவற்றுள் மிளகு முதன்மையானது. தாய் மொழியில் இன்று மிளகாயின் பெயர் 'பிரிக்'. மிளகின் பெயரோ 'பிரிக் தாய்', அதாவது தாய்லாந்துப் பிரிக். எது உள்ளூருக்குப் பழையது என்பதைப் பெயரே காட்டுகிறது.

மிளகாயிலுள்ள கேப்சைசினும் மதுவிலுள்ள எத்தனாலும் வெப்பத்தை உணர்த்தும் ஒரே நரம்பு ஏற்பியைத் தூண்டுகின்றன. எனவே எத்தனால் மிகுந்த மது எரிச்சலைக் கூட்டும். எத்தனால் குறைந்து, சற்றே இனிப்பு எஞ்சிய ஜெர்மானிய ரீஸ்லிங் வெள்ளை மது தாய்லாந்து உணவுக்குப் பரிந்துரைக்கப்படுவது இதனால்தான். 1990களிலிருந்து தாய்லாந்தின் லோய், காவோ யாய் பகுதிகளிலும் திராட்சை பயிரிட்டு மது தயாரிக்கின்றனர்.