லூயிஷாமின் மின் மாற்றம்: இலக்கு உள்ளூரில், அதிகாரம் வெளியில்

தென்கிழக்கு லண்டனின் லூயிஷாம் உள்ளாட்சி மன்றம், 2019 பிப்ரவரியில் பருவநிலை அவசர நிலையைப் பிரகடனம் செய்து, 2030ஆம் ஆண்டுக்குள் கரியமில வாயு வெளியேற்றத்தை நிகர அளவில் இல்லாமல் செய்வதென உறுதி பூண்டது. ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வாழும் இப்பகுதியில் இலங்கைத் தமிழர்களும் பெருமளவில் குடியேறியுள்ளனர்.

மின்சார வரலாற்றில் இப்பகுதிக்குத் தனி இடம் உண்டு. பொறியியலாளர் ஃபெராண்டி வடிவமைத்த டெப்ட்ஃபோர்ட் மின் நிலையம், 1891இல் 10 ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில் மத்திய லண்டனுக்கு மின்சாரம் அனுப்பியது. நகருக்கு வெளியே உற்பத்தி செய்து தொலைவுக்கு அனுப்பும் முறைக்கு அது முன்னோடியாயிற்று. நிலக்கரியில் இயங்கிய அந்த நிலையம் 1983இல் மூடப்பட்டது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையமும் 2024 செப்டம்பர் 30ஆம் தேதி மூடப்பட்டது.

எஞ்சியிருக்கும் சிக்கல்

மின் உற்பத்தி தூய்மையாவதால் லூயிஷாமின் கணக்கில் ஒரு பகுதி தானாகவே குறைகிறது. ஆனால் பெரும்பாலான வீடுகள் இன்றும் எரிவாயு பாய்லர்களாலேயே வெப்பமூட்டப்படுகின்றன.

இவற்றுக்கு மாற்றாகக் கூறப்படும் வெப்பப் பம்புகள், ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு சுமார் மூன்று யூனிட் வெப்பம் தருகின்றன. எனினும் பிரிட்டனில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை எரிவாயுவைவிட மும்மடங்குக்கும் அதிகம். ஆகவே வீட்டின் செலவு குறைவதில்லை. வாடகை வீடுகளில் கருவியைப் பொருத்த வேண்டியவர் உரிமையாளர். கட்டணம் செலுத்துபவரோ குடியிருப்பவர்.

வெப்பத் தேவை உச்சத்தை அடைவது குளிர்கால மாலைப்பொழுதில் ஆகும். கூரைகளில் அமைந்த சூரியத் தகடுகள் அவ்வேளையில் பயன் தருவதில்லை. எனவே மின்கம்பிகளும் துணைமின் நிலையங்களும் வலுவாக்கப்பட வேண்டியுள்ளது. விம்பிள்டனிலிருந்து கிரேஃபோர்ட் வரை 32.5 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தடி மின் சுரங்கம் அமைக்கும் பணி 2020இல் தொடங்கியதும் தெற்கு லண்டனின் மின் இணைப்பைப் புதுப்பிக்கவே.

இருபது ஆண்டுத் தாமதம்

திட்டமிடல் பிளவுபட்டால் என்ன நேரும் என்பதற்கு, 'செல்ச்சிப்' என அழைக்கப்படும் குப்பை எரிப்பு நிலையம் சான்று. லூயிஷாமில் 1994இல் இயங்கத் தொடங்கிய இந்நிலையம் ஆண்டுக்கு நான்கு லட்சம் டன்னுக்கும் அதிகமான குப்பையை எரித்து மின்சாரம் தருகிறது. மின்சாரத்துடன் வெப்பமும் வழங்குவதற்கென்றே கட்டப்பட்டபோதிலும், அதன் வெப்பம் குழாய் வழியே வீடுகளைச் சென்றடைந்தது சுமார் 20 ஆண்டுகளுக்குப் பின்னரே. அவ்வாறு பயன்பெற்ற சுமார் 2,500 வீடுகளும் அண்டைப் பகுதியான சதர்க்கைச் சேர்ந்தவை. குப்பையில் உள்ள பிளாஸ்டிக் எரிவதால் கரியமில வாயு வெளியாவதையும் மறுப்பதற்கில்லை.

யார் திட்டமிடுவது?

மின்கம்பிகள் விநியோக நிறுவனத்தின் வசம் உள்ளன. கட்டண வரம்பை ஆஃப்ஜெம் ஒழுங்காற்று அமைப்பு நிர்ணயிக்கிறது. மானியங்கள் மத்திய அரசின் கையில். உள்ளாட்சி மன்றத்திடம் எஞ்சுவது அதன் சொந்தக் கட்டடங்களும் கட்டட அனுமதி அதிகாரமுமே.

இந்த இடைவெளியை நிரப்பும் நோக்கில், 2024 அக்டோபரில் அரசுடைமை நிறுவனமாகச் செயல்படத் தொடங்கிய தேசிய எரிசக்தி அமைப்பு இயக்குநரிடம் பிராந்தியத் திட்டமிடல் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டுள்ளது. பிராந்தியங்கள் 11இல் லண்டன் மாநகரும் ஒன்று.

எந்தத் தெருவுக்கு வெப்பக் குழாய், எந்தத் தெருவுக்கு வெப்பப் பம்பு என்பதை முன்கூட்டியே வகுத்து, அதன் செலவைக் குடியிருப்பவர் தாங்கும் அளவில் வைத்தால் மட்டுமே, 2019இல் அளிக்கப்பட்ட வாக்குறுதி லூயிஷாமின் வீடுகளைச் சென்றடையும்.