வணிகக் குத்தகை உரிமையிழப்பு (இந்தியா)

கடை, கிடங்கு, அலுவலகம் ஆகியவற்றைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒப்பந்தத்தை மீறினால், கெடு முடியும் முன்பே உரிமையாளர் குத்தகையை முடித்துக்கொள்ளும் வழி. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 111(ஜி) இதற்கு அடிப்படை.

மீறல் மட்டும் போதாது. மீறினால் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற ஷரத்து பத்திரத்தில் இருக்க வேண்டும். எழுத்து மூலம் நோட்டீசும் கொடுக்க வேண்டும். பலரும் இடறுவது அதற்குப் பிறகுதான். கடையை உள்வாடகைக்கு விட்டது தெரிந்த பின்னும் உரிமையாளர் அடுத்த மாத வாடகையை வாங்கி ரசீது போட்டுக் கொடுத்தால், அந்த மீறலை விட்டுக்கொடுத்ததாகவே சட்டம் கொள்ளும் (பிரிவு 112). வழக்குப் போட்ட பிறகு வாங்கும் வாடகைக்கு இது பொருந்தாது.

வாடகைப் பாக்கிக்காக மட்டும் வழக்கு என்றால், விசாரணையின்போது பாக்கி, வட்டி, முழு வழக்குச் செலவு மூன்றையும் கட்டும் குத்தகைதாரரை நீதிமன்றம் காப்பாற்றலாம் (பிரிவு 114). அது நீதிமன்றத்தின் விருப்புரிமை, கேட்டவுடன் கிடைத்துவிடாது. சரிசெய்யக்கூடிய பிற மீறல்களுக்கு, இன்ன குறை என்று சுட்டி, சரிசெய்யச் சொல்லி முதலில் நோட்டீஸ் தர வேண்டும் (பிரிவு 114ஏ). உள்வாடகைத் தடையை மீறியவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்துக்குள் வரும் கட்டடங்களுக்கு வாடகை நீதிமன்றத்தை நாட வேண்டும். இரவோடு இரவாகக் கடைக்கு வேறு பூட்டுப் போட்டு வெளியேற்றினால், குத்தகைதாரர் ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து உடைமையை மீட்கலாம். 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம், பிரிவு 6 அதற்கு இடமளிக்கிறது.