போர் பறித்த பள்ளிக்காலம்

ஒரு போரின் இழப்புகளைக் கணக்கிடும்போது நாம் இறந்தோரை எண்ணுகிறோம். எரிந்த வீடுகளையும் பாழ்பட்ட வயல்களையும் எண்ணுகிறோம். குழந்தைகள் பள்ளிக்குச் செல்லாமற்போன நாள்களை எண்ணுவோர் மிகச் சிலரே. ஆயினும் துப்பாக்கிகள் ஓய்ந்த பின்னரும் ஓயாமல் தொடரும் இழப்பு அதுவேயென்பதை, ஆப்பிரிக்க நாடாகிய உகாண்டாவின் வடபகுதி நமக்குக் கற்பிக்கிறது.

அங்கே ஜோசப் கோனியின் தலைமையிலான 'ஆண்டவரின் எதிர்ப்புப் படை' 1980களின் பிற்பகுதி தொடங்கி 2006 வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அரசுக்கு எதிராகப் போரிட்டது. விரும்பி வருவோர் குறைந்தபோது அப்படை குழந்தைகளைக் கடத்தித் தன் அணிகளை நிரப்பிக்கொண்டது. சிறுவர்கள் ஆயுதம் ஏந்தவும், சிறுமிகள் தளபதிகளுக்கு 'மனைவியர்' ஆகவும் வற்புறுத்தப்பட்டனர். கடத்தப்பட்ட சிறார் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் என்பது பொதுவான மதிப்பீடு.

பள்ளிகளே அப்படையின் வேட்டைக்களம் ஆயின. உகாண்டாவின் விடுதலைத் திருநாளான 1996 அக்டோபர் 9 கழிந்து 10 பிறந்த இரவில், அபோக்கே என்னும் ஊரிலிருந்த புனித மரியா கல்லூரியின் விடுதிக்குள் கிளர்ச்சியாளர் புகுந்து 139 மாணவியரைக் கட்டி இழுத்துச் சென்றனர். அங்குப் பணியாற்றிய இத்தாலிய நாட்டு அருட்சகோதரி ராக்கேலே ஃபஸ்ஸேரா, விடிந்ததும் ஓர் ஆசிரியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, காட்டுவழியே அவர்களைத் தேடி நடந்தார். கண்டடைந்தார், தளபதியிடம் மன்றாடினார். 109 பேரை விடுவித்த தளபதி, 30 பேரைத் தருவதற்கு மறுத்துவிட்டான். மீட்ட மாணவியரோடு பள்ளிக்குத் திரும்பியபோது அவர் நெஞ்சில் நின்றவர்கள் அந்த முப்பது பேராகத்தானே இருந்திருப்பர்?

அம்முப்பதின்மருள் ஒருத்தியின் தாய் ஆஞ்சலினா அட்யாம். மகளை இழந்த பெற்றோரைத் திரட்டி, உலக அரங்குகளில் குழந்தைகளுக்காகக் குரல் கொடுத்தார். அவர் வாய்மூடினால் அவருடைய மகளை மட்டும் விடுவிப்பதாகக் கிளர்ச்சியாளரிடமிருந்து செய்தி வந்தது. எல்லாப் பிள்ளைகளையும் விடுவித்தாலன்றித் தமக்குத் தம் மகள் வேண்டாம் என்று அத்தாய் மறுத்தார். ஆண்டுகள் பல கடந்து 2004இல் அம்மகள், இரு குழந்தைகளின் தாயாகத் திரும்பினாள். முப்பதின்மருள் சிலர் திரும்பவேயில்லை.

கடத்தலுக்கு அஞ்சிய சிற்றூர்ச் சிறார் மாலைதோறும் பாய்களைச் சுருட்டிக்கொண்டு நகரங்களுக்கு நடந்தனர். 2004ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 40,000 பேர் இவ்வாறு இரவுதோறும் நடந்தனர். குலு நகரை அடுத்த லாச்சோர் புனித மரியா மருத்துவமனையின் வளாகமும், பேருந்து நிலையமும், கடைத் தாழ்வாரங்களும் அவர்களுக்குப் படுக்கையறைகள் ஆயின. 2003இல் குலுவின் பேராயர் ஜான் பாப்டிஸ்ட் ஒடாமா தாமும் அக்குழந்தைகளோடு தெருவில் படுத்துறங்கி அவர்களது நிலையை உலகுக்கு உணர்த்தினார். இரவில் உறங்காத குழந்தை பகலில் எதைக் கற்கும்?

தப்பி வந்தவர்களை ஆச்சோலி மக்கள் வரவேற்ற முறை நம் சிந்தனைக்குரியது. ஊரின் நுழைவாயிலில் ஒரு மரக்கிளையும், ஒரு முட்டையும், தானியக் குதிரைத் திறக்கப் பயன்படும் கோலும் வைக்கப்படும். திரும்பி வருபவர் அம்முட்டையை மிதித்துடைத்து, கோலைத் தாண்டி உள்ளே வரவேண்டும். முட்டை மாசின்மையின் அடையாளம். கோலோ, 'இக்குதிரின் தானியத்தில் இனி உனக்கும் பங்குண்டு' என்பதன் அடையாளம். 2000ஆம் ஆண்டின் பொதுமன்னிப்புச் சட்டமும் ஆயுதம் துறந்தோரைத் தண்டனையினின்று விடுவித்தது. வாயில் திறந்துவிட்டது. ஆனால், வாயிலைக் கடந்து வந்த பிள்ளை மறுநாள் காலையில் எங்கே செல்லும்?

இக்கேள்விக்கு ஆய்வொன்று தெளிவான விடை தந்தது. வட உகாண்டாவின் இளைஞரிடையே விரிவாகக் கள ஆய்வு நடத்திய கிறிஸ்டோபர் பிளாட்மன், ஜீனி ஆனன் ஆகியோர் 2010இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். கடத்தப்பட்டுத் திரும்பிய இளைஞர், கடத்தப்படாதவரைவிட ஏறத்தாழ ஓராண்டுக் கல்வியை இழந்திருந்தனர். திறன்சார்ந்த தொழில் பெற்றவர் அவர்களிடையே பாதியளவே. வருவாயோ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கடுங்கொடுமைகளைக் கண்டோரிடம் மனத்துயர் நீடித்தது. எனினும் அவர்கள் மூர்க்கராக மாறிவிட்டனர் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. 'கொலைகாரப் பிள்ளைகள்' என்று ஊரார் அஞ்சியவர்களுக்குப் பெரிதும் குறைந்திருந்தது பண்பன்று, பள்ளிக்காலம்!

அக்குறையை நீக்க முன்வந்தோருள் ஒருவர் திரு இருதய சபையின் அருட்சகோதரி ரோஸ்மேரி நியிரும்பே. 2001இல் குலுவின் புனித மோனிக்கா தையற்பள்ளியின் பொறுப்பை ஏற்றபோது, அங்கே மாணவியர் மிகச் சிலரே இருந்தனர். அவர்களுள்ளும் சிலர் பாடத்தில் மனம் ஊன்ற இயலாமல் தவித்தனர். கடத்தப்பட்டுத் தப்பி வந்தவர்கள் அவர்கள் என்பதை அவர் மெல்ல அறிந்தார். எழுத்தறியாத பதினெட்டு வயதுப் பெண்ணைச் சிறு பிள்ளைகளின் வகுப்பில் அமர்த்தினால் அவள் நாணிக் குறுகுவாள். கைக்குழந்தையை விட்டுவரச் சொன்னால் அவள் வரவே மாட்டாள். ஆகவே அவர் வானொலி வழியாக அழைப்பு விடுத்தார்: கருவுற்றிருப்போரும் கைக்குழந்தை உடையோரும் அப்படியே வரலாம் என்றார். வந்தனர். தையலும் சமையலும் கற்றனர். அவர்களுடைய குழந்தைகளுக்கென வளாகத்திலேயே காப்பகம் எழுந்தது. பின்னாளில் குளிர்பானக் குவளைகளின் திறப்பு வளையங்களை நூலால் பின்னிக் கைப்பைகள் செய்து விற்றனர். தாயின் கண்ணீரால் அறியப்படும் புனித மோனிக்காவின் பெயர் அப்பள்ளிக்குப் பொருத்தமாகவே அமைந்தது.

தையல் எந்திரம் ஒன்றே எல்லாத் துயரையும் தீர்த்துவிடும் என்று நாம் கருதலாகாது. காட்டில் பிறந்த குழந்தைகளை ஏற்க மறுத்த உறவினர் உண்டு. பகைவனின் வித்து என ஏசியவர் உண்டு. அக்குழந்தைகளுக்கும் பள்ளி வேண்டும். தாய்க்குத் தொழில் கற்பித்து, பிள்ளையைத் தெருவில் விடுவது பாதிப் பணியே.

பிள்ளையை மீட்கத் தவறினால் என்ன நேரும் என்பதையும் அப்போர் காட்டியிருக்கிறது. பள்ளிக்குச் செல்லும் வழியில் கடத்தப்பட்ட சிறுவன் டொமினிக் ஓங்வென். அவனை மீட்க எவரும் வரவில்லை. அவன் வளர்ந்து தளபதியாகி, தான் பட்ட அதே கொடுமையைப் பிற சிறார்க்கு இழைத்தான். பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2021இல் 61 குற்றங்களில் அவனைக் குற்றவாளியெனத் தீர்த்து, 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவன் இளமையில் கடத்தப்பட்டதைத் தண்டனையைக் குறைக்கும் காரணமாக நீதிபதிகள் ஏற்றனர். குற்றத்தினின்று விடுவிக்கும் காரணமாக ஏற்கவில்லை. நீதியின் பார்வையில் அது சரியே. ஆனால், ஒன்பது வயதளவில் அவன் இழந்த வகுப்பறையை அவனுக்குத் திருப்பித்தரும் நீதிமன்றம் எங்கே இருக்கிறது?

போரினால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென நாம் ஒரு தொகையைக் காணிக்கையாகத் தரும்போது, இரக்கத்தால் தருவதாக எண்ணிக்கொள்கிறோம். பறிக்கப்பட்ட ஒன்றைத் திருப்பித் தருவதற்குப் பெயர் இரக்கமன்று; அது கடன். கல்வி அவர்களுக்குரிய உரிமை. அதையும் அவர்கள் இருக்கும் நிலையிலேயே, வயது கடந்திருந்தாலும், எழுத்து மறந்திருந்தாலும், இடுப்பில் குழந்தை இருந்தாலும், ஏற்கக்கூடிய வடிவில் தருதல் வேண்டும். குதிரின் கோலைத் தாண்டி வந்த பிள்ளைக்கு அவ்வீட்டின் தானியத்தில் பங்குண்டு என்றால், அவ்வூரின் பள்ளியிலும் பங்குண்டு.