மன்னார் தீவான கதை

1997 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ நகரில் புவி வெப்பமடைவதைத் தடுப்பதற்கான உடன்பாடு எட்டப்பட்டபோது, நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியனாக இருந்தேன். போர்ச் செய்திகள் முன்பக்கத்தை நிறைத்திருந்த காலம் அது. கியோட்டோச் செய்தியை ஐந்து வரிகளாகச் சுருக்கி, வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தின் அடியில் இட்டேன். அது வெளிநாட்டுச் செய்தியன்று என்பதைப் பல ஆண்டுகளின் பின்னர் மன்னாரே எனக்கு உணர்த்திற்று.

போர் முடிந்தபின் தலைமன்னாருக்குச் சென்றிருந்தேன். 1914 முதல் தனுஷ்கோடிக்குக் கப்பல் புறப்பட்ட பழைய இறங்குதுறை சிதைந்து கிடந்தது. அப்பால் மணல் தீடைகள் இந்தியாவை நோக்கி வரிசையாக நீண்டிருந்தன. அங்கு நின்ற முதிய மீனவர் ஒருவர் கடலைக் காட்டி, "அப்பா காலத்தில எங்கட வாடி நின்ற இடம் தம்பி, இப்ப தண்ணிக்குள்ள" என்றார். கரை அரிப்புக்குக் காரணங்கள் பல. ஆயினும் அவருடைய சொற்கள் என்னை வரலாற்றின் பக்கம் திருப்பின.

மன்னார் என்றுமே தீவாக இருந்ததன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றிலும் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையோ பெரும்பாலும் 15 மீற்றர் ஆழத்தையும் எட்டாதது. ஆகவே, அன்று ஒருவர் இராமேசுவரத்திலிருந்து மன்னாருக்குக் கால்நடையாகவே வந்திருக்கலாம். புவியின் சுற்றுப்பாதையில் ஏற்பட்ட மெல்லிய மாற்றங்களால் வெப்பம் கூடத் தொடங்கியது. வளிமண்டலத்தில் பெருகிய காபனீரொட்சைட் (தமிழகத்தார் வழக்கில் கரியமிலவாயு) அவ்வெப்பத்தை மேலும் கூட்டிற்று. பனிப்பாறைகள் உருகின, கடல் உயர்ந்தது, மன்னார் தீவாயிற்று.

இவ்வாயு வெப்பத்தைக் கூட்டுவது எவ்வாறு? மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்த இரவு குளிரும். முகில் மூடிய இரவு புழுங்கும். பகலில் நிலம் பெற்ற வெப்பம் மேலே தப்பிச் செல்வதை முகில் தடுப்பதே காரணம். நீராவியும் காபனீரொட்சைட்டும் மெதேனும் இத்தொழிலை இரவு பகலாகச் செய்கின்றன. சூரிய ஒளியை உள்ளே விட்டு, புவி வெளியிடும் வெப்பத்தில் ஒரு பகுதியை அவை திருப்பி அனுப்புகின்றன. இதுவே பச்சைவீட்டு விளைவு. இஃது இல்லையெனில் புவியின் சராசரி வெப்பநிலை 15 பாகை செல்சியசாக இராது. உறைநிலைக்கும் கீழே 18 பாகையாக இருக்கும். ஆக, தீங்கு இவ்விளைவில் இல்லை. அதன் மிகையிலேயே உள்ளது.

1859இல் ஜோன் டின்டால் இவ்வாயுக்கள் வெப்பத்தை உறிஞ்சுவதை ஆய்வுகூடத்தில் அளந்து காட்டினார். நிலக்கரி எரிப்பதால் புவி வெப்பமடையும் என்பதை 1896இல் சுவீடனின் அரேனியஸ் கணக்கிட்டுச் சொன்னார். பனியுகம் முடிந்து கைத்தொழில் யுகம் பிறக்கும்வரை, பல்லாயிரம் ஆண்டுகளில், வளியின் பத்து இலட்சம் பங்கில் காபனீரொட்சைட் 180 பங்கிலிருந்து 280 ஆக உயர்ந்தது. அதன்பின் இருநூறு ஆண்டுகளிலேயே 420ஐயும் கடந்துவிட்டது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது.

இருபது சென்ரிமீற்றர் ஒரு சாண் அளவே என எண்ணலாம். கடலை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும் மணல் தீவுக்கு அது சிறிதன்று. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததை நாம் அறிவோம். அப்புயலைப் புவி வெப்பத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் அத்தகைய புயல் இனி வருமாயின், உயர்ந்த கடலின் மீதேறி வரும்.

தீர்வும் மன்னாருக்கே வந்தது. 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட 'தம்பபவனி' மின்நிலையம் திறந்துவைக்கப்பட்டது. நிலக்கரிக்கு மாற்று வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 2025இல் மேலும் காற்றாலைகள் அமைப்பதை எதிர்த்து மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். மழைநீர் வழிந்தோட இடமின்றிக் குடியிருப்புகளில் தேங்குகிறது என்பது அவர்களது முறைப்பாடு. வலசை வரும் பறவைகளுக்கும் மீன்பிடிக்கும் கேடு நேரும் எனவும் அவர்கள் அஞ்சுகின்றனர்.

உலகின் புகைக்கு மிகச் சிறிதளவே காரணமான இம்மக்கள் உயரும் கடலையும் தாங்க வேண்டும். அதற்கான மருந்தின் கசப்பையும் விழுங்க வேண்டும். காற்றாலை எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர்களைக் கேட்டுத் தீர்மானிப்பதே நியாயம். அன்று நான் ஐந்து வரிகளில் முடித்த செய்தியில் இம்மக்களும் இருந்தார்கள் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.