ஆசிரியர் நாற்காலியில் யார்? வகுப்பறை இதழியல் குறித்து

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் எவரும் நாளிதழ் ஆசிரியருக்குக் கடிதம் எழுதிப் பழகாமல் இருக்க முடியாது. பொங்கல் மலரில் தம் கட்டுரையை வெளியிட வேண்டுவார்; தெருவிளக்கு எரியாததை ஊரறியச் செய்ய வேண்டுவார். அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு என எல்லாம் முறையாக இருக்கும். கடைசியில் ஒரு கட்டம் போட்டு, ‘உறைமேல் முகவரி’ என்று தலைப்பிட்டு, அதற்குள் நாளிதழ் அலுவலகத்தின் முகவரியை எழுதுவார். அந்தக் கட்டம் எந்த அஞ்சல் பெட்டியிலும் விழாது. விடைத்தாள் திருத்தும் மையத்துக்குப் போய், பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தைப் பள்ளி ஆசிரியர் படிப்பார். கட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார், மதிப்பெண் போடுவார், அடுத்த தாளைப் புரட்டுவார்.

இரண்டு வேலைக்கும் தமிழில் ஒரே பெயர். பாடம் சொல்பவரும் ஆசிரியர், பத்திரிகையை நடத்துபவரும் ஆசிரியர்தான். வகுப்பறையில் இதழியலைப் பயன்படுத்துவது பற்றிய பேச்சில் நேரும் குழப்பத்தில் பாதி இந்த இரண்டு நாற்காலிகளையும் ஒன்றாகக் கருதுவதால் வருவது. இதழ் கற்பிக்கும் கருவியாக வேண்டுமானால் முதல் ஆசிரியர் இருக்கும் அறையிலேயே இரண்டாவது நாற்காலி ஒன்றைப் போட வேண்டும். அதில் மாணவர் உட்கார வேண்டும். நாற்காலியைப் போடாமல் நாளிதழை மட்டும் வகுப்புக்குள் கொண்டுவந்தால் அது தினமும் மாறும் ஒரு பாடநூல், அவ்வளவே. இக்கட்டுரையின் வாதம் இதுதான். இதற்கான சான்றுகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தாலும், கடைசியில் அவை நம் பள்ளி வாசலுக்கே வந்து சேர்கின்றன.

நாளிதழைப் பாடமாகப் படிக்கும் யோசனை பழையது. ஜெர்மானியரான காஸ்பர் ஸ்டீலர் செய்தித்தாள் வாசிப்பின் இன்பத்தையும் பயனையும் பற்றி 1695-இல் ஒரு நூலே எழுதினார். அமெரிக்காவில் நியூயார்க் டைம்ஸ் 1930-களில் வகுப்பறைகளுக்கு நாளிதழ் அனுப்பத் தொடங்கியது. பிறகு பதிப்பாளர் சங்கங்கள் அதை நாடு தழுவிய திட்டமாக்கின. இந்தியாவிலும் பெரிய நாளிதழ்கள் பள்ளிப் பதிப்புகள் நடத்துகின்றன. இவற்றால் நன்மை இல்லாமல் இல்லை. சொல்வளம் கூடும், வரைபடத்தில் தேட ஊர்கள் கிடைக்கும், பாடநூலில் இல்லாத சட்டமன்றம் கண்ணில் படும். ஆனால் நாளைய சந்தாதாரரை இன்றே வளர்க்கும் கணக்கும் இதில் உண்டு என்பதைப் பதிப்பாளர்களே மறைப்பதில்லை. நம் பள்ளிகளின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறளுக்குப் பின் ஒரு மாணவி தலைப்புச் செய்திகளை மளமளவென்று வாசிக்கிறாளே, அதுவும் இந்த வகைதான். யாரோ எழுதியதை யாரோ தேர்ந்தெடுத்துக் கொடுக்க, அவள் வாசிக்கிறாள். வரிசையில் நிற்பவர்கள் வெயிலைப் பார்க்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர் செலஸ்தேன் ஃப்ரெனே. 1896-இல் தென்கிழக்கு பிரான்சின் மலைக் கிராமமொன்றில் பிறந்தவர். முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டுக் காயம் பட்டுத் திரும்பியவர். 1920-இல் பார்-சூர்-லூ என்ற ஊரின் ஆரம்பப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். மூச்சு வாங்கும் மனிதரால் நாள் முழுக்க வகுப்பில் பேச முடியாது. அவருடைய கல்விமுறைக்கே இதுதான் காரணம் என்பார்கள் சிலர். அது முழு உண்மையாக இருக்க முடியாது. மூச்சு வாங்கிய ஆசிரியர்கள் எல்லோரும் அச்சகம் வைக்கவில்லை. ஃப்ரெனே வைத்தார். 1924-இல் ஒரு சிறிய கை அச்சு இயந்திரம் அவர் வகுப்பறைக்கு வந்தது.

வேலை நடந்த விதம் இது. பிள்ளைகள் தாங்கள் விரும்பியதை எழுதி வருவார்கள்: நத்தைப் பந்தயம், பாட்டியின் காய்ச்சல், ஆலிவ் அறுவடை. ஒவ்வொருவரும் தம் எழுத்தை வாசித்ததும் வகுப்பே வாக்கெடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அதைக் கரும்பலகையில் எழுதி எல்லோருமாகச் செம்மைப்படுத்துவார்கள். பிறகு அச்சுக் கோப்பு. ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடவலம் மாறிய வரிகளாக அடுக்கி, மை தடவி, தாளை அழுத்தி எடுத்தால் ஒரு பக்கம். பக்கங்கள் சேர்ந்து வகுப்பின் சொந்த நூலாகும்.

இலக்கணப் பாடம் இதில் எங்கே என்று கேட்கலாம். ஈய எழுத்தை விரலால் எடுத்து அடுக்கும் பையனுக்கு எழுத்துப்பிழை என்பது சிவப்பு மைக் கோடு அன்று. பிரித்து மறுபடி அடுக்க வேண்டிய ஒரு வரி. அந்தப் பிழையோடு அச்சேறினால் ஐம்பது பிரதியிலும் அதே பிழை. தமிழ்நாட்டின் பழைய அச்சகங்களில் கம்போசிட்டராக வேலை பார்த்தவர்களிடம் ஒற்றுப் பிழையைப் பற்றிப் பேசிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தமிழாசிரியர் தோற்ற இடத்தில் ஈயம் வென்றிருக்கிறது.

அதைவிட முக்கியமானது வாசகர். பிரான்சின் மறுகோடியில், பிரிட்டனி பகுதியின் கடற்கரையிலிருந்த திரேகங்க் என்ற ஊரின் ஆசிரியர் ரெனே தானியேலும் இதே முறையைக் கைக்கொண்டார். இரண்டு வகுப்புகளும் அச்சிட்ட பக்கங்களைத் தொடர்ந்து அஞ்சலில் பரிமாறிக்கொண்டன. மலைப் பிள்ளைகளுக்குக் கடலைத் தெரியாது, மீனவப் பிள்ளைகளுக்கு ஆலிவ் மரத்தைத் தெரியாது. நமக்கு எல்லாரும் அறிந்ததாகத் தோன்றுவது எதிரில் இருப்பவருக்குப் புதிது என்று தெரியும் கணத்தில்தான் விவரித்து எழுத வேண்டிய அவசியம் பிறக்கிறது. ‘எங்கள் ஊர்’ என்று கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியருக்கு அந்த ஊர் ஏற்கெனவே தெரியும் என்பது மாணவருக்கும் தெரியும். அப்படிப்பட்ட கட்டுரைகளில் ஆறு சலசலத்து ஓடுவதும் பறவைகள் இன்னிசை பாடுவதும் வேறெதனால்?

அச்சு உண்மையானால் ஆபத்தும் உண்மையாகிவிடுகிறது. ஃப்ரெனே 1928-இல் சேன்-போல் என்ற ஊருக்கு மாறினார். அங்கே ஒரு சிறுவன் தான் கண்ட கனவை எழுதினான். கனவில் ஊர் மேயர் கொல்லப்படுகிறார். வகுப்பு இதழில் அது அச்சானது. 1932-இன் இறுதியில் ஊர்ச் சுவர்களில் ஃப்ரெனேக்கு எதிரான சுவரொட்டிகள் முளைத்தன. அவருடைய அரசியலைப் பிடிக்காதவர்களுக்கு அந்தக் கனவு நல்ல சாட்சியமாகக் கிடைத்தது. விவகாரம் பாரீஸ் பத்திரிகைகள் வரை போயிற்று. 1933-இல் அவர் அந்தப் பள்ளியை விட்டு விலக நேர்ந்தது. 1935-இல் பக்கத்திலிருந்த வான்ஸில் சொந்தப் பள்ளி தொடங்கினார். ஒரு பள்ளிச் சிறுவனின் கனவைக் கண்டு பெரியவர்கள் பயந்ததை வேடிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. பள்ளி நோட்டில் இருந்திருந்தால் அந்தக் கனவை யாரும் சீண்டியிருக்கமாட்டார்கள்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் வார்சாவில் யானுஷ் கோர்ச்சாக் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்திருந்தார். மருத்துவர், எழுத்தாளர், யூத அனாதைக் குழந்தைகள் இல்லத்தின் இயக்குநர். இல்லத்துக்குள் வாரம் ஒரு செய்தித்தாள் தயாராகி, எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டது. பள்ளிச் செய்தித்தாள் பற்றி 1921-இல் ஒரு சிறு நூலும் எழுதினார். அதில் அவர் வைக்கும் வாதம் இன்றும் படிக்கத்தக்கது: தானே விரும்பி ஏற்ற கடமையைக் குறித்த நாளில் முடிப்பது, பலர் சேர்ந்து திட்டமிடுவது, பெயரைப் போட்டுக் கருத்துச் சொல்வது, கோபப்படாமல் மறுப்பது ஆகியவற்றை இதழ் பழக்கும் என்றார். மொழித்திறனைத் தலைமைப் பயனாக அவர் கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

1926 அக்டோபர் 9 அன்று அவர் ஒரு படி மேலே போனார். போலிஷ் மொழியில் வெளிவந்த யூத நாளிதழ் ஒன்றின் வார இணைப்பாக, பிள்ளைகளே எழுதும் ‘மாவி ப்ஷெக்லோந்த்’ (சின்னக் கண்ணோட்டம்) வெளியானது. தொடங்குமுன் எழுதிய அறிவிப்பில், கையெழுத்து மோசமாக இருக்குமே என்று கூச்சப்படும் பிள்ளை அலுவலகத்துக்கு வந்து வாயால் சொல்லலாம், எழுதிக்கொள்ள ஆள் இருப்பார் என்று உறுதி கூறினார். ஒரு வயதான ஆசிரியரோடு ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஆசிரியர்களாக இருப்பார்கள் என்றும் சொன்னார். சிறுவர் இதழ்கள் பல இந்த வாசலிலேயே தடுக்கி விழுகின்றன. அழகாக எழுதத் தெரிந்த பிள்ளையை மட்டும் அவை தேடுகின்றன. சொல்வதற்கு விஷயம் உள்ள பிள்ளை வெளியே நின்றுவிடுகிறது. கோர்ச்சாக் 1930-இல் பொறுப்பை இகோர் நெவெர்லி என்பவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். இதழ் 1939 செப்டம்பர் 1 வரை வந்தது. ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்த நாள் அது. 1942 ஆகஸ்டில் இல்லத்துக் குழந்தைகளோடு கோர்ச்சாக்கும் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

இரண்டு நாற்காலிகளின் வழக்கு நீதிமன்றம் ஏறியது அமெரிக்காவில். மிசூரி மாநிலத்தின் ஹேசல்வுட் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் இதழியல் ஒரு பாடம். அந்த வகுப்பு நடத்திய இதழ் ‘ஸ்பெக்ட்ரம்’. 1983 மே மாத இதழின் மெய்ப்பைப் பார்த்த தலைமையாசிரியர் இரண்டு பக்கங்களை முழுதாக எடுத்துவிடச் சொன்னார். அவருக்கு உறுத்தியவை இரண்டு கட்டுரைகள். பள்ளி வயதில் கருவுற்ற மாணவியர் பற்றியது ஒன்று, பெற்றோரின் மணமுறிவு பற்றியது மற்றொன்று. அதே பக்கங்களில் இருந்த மற்றக் கட்டுரைகளும் சேர்ந்து போயின. மாணவியர் வழக்குத் தொடுத்தனர். 1988 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 5-3 என்ற கணக்கில் பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தது: இதழ் பாடத்திட்டத்தின் பகுதி, ஆகவே கற்பித்தல் சார்ந்த நியாயமான காரணம் இருந்தால் பள்ளி தலையிடலாம்.

தலைமையாசிரியர் சொன்ன காரணங்களை மறுபடி படிக்க வேண்டும். பெயர் மாற்றியிருந்தாலும் அந்த மாணவியரை அடையாளம் கண்டுவிடலாம் என்றார். ஒரு மாணவி தன் தந்தையைக் குறை கூறியிருந்த கட்டுரையில் தந்தையின் பதில் கேட்கப்படவில்லை என்றார். இரண்டும் முதல் தரமான இதழியல் பாடங்கள்! அனுபவமுள்ள எந்தச் செய்தி ஆசிரியரும் நிருபரிடம் இதையேதான் கேட்பார்: அவரிடம் பேசினாயா, இவர் யாரென்று தெரிந்துவிடாதா? ஆனால் கேள்வி கேட்கப்படவில்லை. திருத்த நேரமில்லை என்று கருதிப் பக்கங்கள் எடுக்கப்பட்டன. வகுப்பில் கற்பித்திருக்க வேண்டியதைக் கத்தரிக்கோல் செய்துவிட்டது. இதழை ‘கற்பிக்கும் கருவி’ என்று அழைப்பதிலேயே ஒரு பொறி இருப்பதை அந்தத் தீர்ப்பு காட்டிக்கொடுத்தது. கருவி என்றால் அது யாருடைய கையில் இருக்கும் என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டதாகிறது.

பிரான்ஸ் வேறு வழியில் போயிற்று. பள்ளிகளையும் ஊடகங்களையும் இணைக்க கிளெமி என்ற அமைப்பை அங்கே கல்வி அமைச்சு 1983-இல் நிறுவியது. 1991 மார்ச்சில் வந்த சுற்றறிக்கைப்படி மேல்நிலைப் பள்ளி மாணவர் தம் இதழை முன்தணிக்கை இல்லாமல் பள்ளிக்குள் வெளியிடலாம். அவதூறுக்கும் தனியுரிமை மீறலுக்கும் அவர்களே பொறுப்பு. கடுமையான மீறலென்றால் தலைமையாசிரியர் விநியோகத்தை நிறுத்தலாம், ஆனால் அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். உரிமையும் பொறுப்பும் ஒரே தாளில் வருகின்றன.

தமிழ்நாட்டில் இந்த இரண்டாவது நாற்காலி சட்டத்தால் வரவில்லை, திண்ணையிலிருந்து வந்தது. கையெழுத்துப் பத்திரிகை நடத்தாத தமிழ் எழுத்தாளர் ஒரு தலைமுறையில் அரிது. முகப்புக்கு வண்ணப் படம், தலையங்கம், தொடர்கதை, கேள்வி-பதில், எல்லாம் ஒரே பிரதியில். அது வீடு வீடாகச் சுற்றும். படித்தவர்கள் எழுதுவதற்கென்று பின்னால் வெற்றுத் தாள்கள் விட்டிருப்பார்கள். மதிப்பெண் கிடையாது; ‘இந்தக் கதையை எங்கோ படித்த மாதிரி இருக்கிறதே’ என்ற ஒரு வரி வந்தால் அதுதான் தண்டனை. பள்ளிகள் இதைக் கண்டுகொண்டபோது ஆண்டு மலராக்கின. தலைமையாசிரியரின் படம், ஆண்டறிக்கை, தேர்ச்சி விழுக்காடு. பிறகு இடமிருந்தால் மாணவர் கவிதை.

ஆனந்த விகடன் 1980-களில் எஸ். பாலசுப்ரமணியன் ஆசிரியராக இருந்த காலத்தில் தொடங்கிய மாணவப் பத்திரிகையாளர் திட்டம் இதில் ஒரு விதிவிலக்கு. கல்லூரி மாணவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்து, படித்துக்கொண்டிருக்கும்போதே நிருபர்களாக ஊருக்குள் அனுப்பியது அது. இன்றைய தமிழ் ஊடகங்களில் பெயர் பெற்றவர்கள் பலர் அந்த வழியாக வந்தவர்கள். அந்த வேலையைச் செய்தது ஒரு பத்திரிகை, கல்லூரி அன்று. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் ‘துளிர்’ சிறுவர்களுக்கு அறிவியலைக் கொண்டுபோன அருமையான முயற்சி. பெரும்பாலும் பெரியவர்கள் எழுதி, சிறுவர்கள் படித்தது. 2022-இல் பள்ளிக் கல்வித் துறை ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்ற இதழ்களை அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு நேராகவே சேர்த்தது. இவ்வளவு பெரிய அளவில் சிறுவர் இதழைக் கொண்டுசெல்லும் அமைப்பு கைவசம் இருக்கும்போது, அதில் சில பக்கங்களின் தேர்வையும் திருத்தத்தையும் ஏதோவொரு மாவட்டத்தின் ஏழாம் வகுப்பிடம் ஒப்படைத்தால் என்ன கெட்டுவிடும்?

கெட்டுவிடும் என்பவர்களின் வாதம் லேசானதன்று. ஆசிரியருக்கு நேரமில்லை, பாடத்தை முடிக்க வேண்டும். முன்பு வெளியீடு என்றால் ஐம்பது பிரதி. இன்று ஒரு பிள்ளையின் எழுத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டால் மாலைக்குள் அது ஊரைத் தாண்டிவிடும், திரும்ப அழைக்க வழியில்லை. சாதிப் பெயர், வீட்டுச் சண்டை, ஆசிரியர் மீதான புகார் எதுவும் வெளியே வரலாம். இவை எல்லாம் உண்மை. இவை எல்லாமே ஒரு பத்திரிகை ஆசிரியர் தினமும் எடைபோடும் விஷயங்களும்கூட. எதைப் பெயரோடு போடுவது, எதைப் பெயரில்லாமல், எதைப் போடவே கூடாது என்பதை அச்சேறும் சாத்தியமே இல்லாத ஒரு கடிதத்தின் மூலம் எவரும் கற்க முடியாது.

ஆகவே தொடங்க வேண்டிய இடம் அந்தத் தேர்வுக் கடிதமே. அரையாண்டுத் தேர்வுக்கு எழுதும் தெருவிளக்குக் கடிதங்களை வகுப்பே படித்து, எந்தத் தெரு, எத்தனை நாளாக, மின்வாரியத்திலோ ஊராட்சியிலோ யாரைக் கேட்டோம், அவர் என்ன சொன்னார் என்று விசாரித்துச் சேர்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து உண்மையிலேயே அஞ்சலில் சேர்க்கலாம். அஞ்சலட்டைக்கு அதிகம் செலவாகாது. கடிதம் அச்சில் வந்துவிட்டால் மறுநாள் காலை தலைமையாசிரியரின் தொலைபேசி அடிக்கும். மறுமுனையில் வார்டு உறுப்பினரோ அவருக்கு வேண்டியவரோ இருப்பார். அப்போது தலைமையாசிரியர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு இதுவரை எந்தச் சுற்றறிக்கையும் இல்லை.