கழுத்தில் ஒரு குழாய், பில்லில் ஐந்து இலக்கம்

மைசூரில் என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால், விளக்கி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மெடிக்கல் கோடிங் என்று சொன்னால் "டாக்டருக்குப் படிச்சிருக்கியாப்பா?" என்பார்கள். இல்லை. "அப்போ கம்ப்யூட்டரா?" அதுவும் முழுசாக இல்லை. அமெரிக்காவில் ஒரு டாக்டர், நோயாளிக்கு என்ன செய்தேன் என்று எழுதி வைத்த குறிப்பைப் படித்து, அதற்குரிய எண்ணைப் போடுவது என் வேலை. அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ்காரன் பணம் கொடுப்பான். கோவில்பட்டிக்காரன் ஒருத்தன் ஹெப்பாள் பக்கம் பொட்டி முன்னால் உட்கார்ந்து, ஒஹையோவில் யாருக்கோ கழுத்தில் குழாய் போட்டதற்கு எண் தேடிக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் குழாயின் கதைதான் இந்தப் பதிவு. 'சென்ட்ரல் லைன்' என்பார்கள். ஐ.சி.யூ. வாசலில் காத்திருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். கையில் ஏற்றுகிற டிரிப்ஸ் போதாதபோது கழுத்திலோ, காறை எலும்புக்குக் கீழேயோ, தொடை இடுக்கிலோ உள்ள பெரிய ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குப் பக்கம் வரை ஒரு மெல்லிய குழாயைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் மருந்து, கீமோ, டயாலிசிஸ் எல்லாவற்றுக்கும் இதுதான் வழி.

ஆரம்பித்து வைத்தவர் ஒரு பிடிவாதக்காரர். 1929, ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற ஊர். வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டாக்டர், சிறுநீர்ப் பாதைக்குப் போடும் குழாய் ஒன்றைத் தன் இடது முழங்கை மடிப்பில் உள்ள ரத்தக்குழாய் வழியாகத் தானே நுழைத்துக்கொண்டார். சுமார் 65 சென்டிமீட்டர். அதோடு எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படமும் எடுத்துக்கொண்டார். குழாயின் நுனி இதயத்தின் வலது மேலறையில் இருந்தது. பாராட்டுக்குப் பதில் திட்டுதான் கிடைத்தது. பிறகு அவர் சிறுநீரக மருத்துவத்துக்குப் போய்விட்டார். 1956ல் இரண்டு பேரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தப் படம் இல்லாவிட்டால் யார் நம்பியிருப்பார்கள்? இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

1952ல் ராபர்ட் ஓபானியாக் என்ற பிரெஞ்சுக்காரர் காறை எலும்புக்குக் கீழே குத்தும் வழியை எழுதினார். அடுத்த வருடம் ஸ்வீடனின் செல்டிங்கர் ஒரு சுலப வழி சொன்னார். ஊசியால் குத்து, ஊசிக்குள் கம்பியை விடு, ஊசியை எடு, கம்பி மேலேயே குழாயைத் தள்ளு, கம்பியை உருவு. இன்றைக்கும் இதுதான் முறை. 1960களின் கடைசியில் ஸ்டான்லி டட்ரிக் குழுவினர், வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கு இந்த வழியாகவே முழு உணவும் கொடுக்கலாம் என்று காட்டினார்கள். 1973ல் பிரோவியாக், 1979ல் ஹிக்மன் என்று, தோலுக்கு அடியில் சுரங்கம் மாதிரி கொண்டுபோய் மாதக்கணக்கில் வைத்திருக்கும் குழாய்கள் வந்தன.

குழாய் பெருகப் பெருக, கணக்கும் வேண்டுமல்லவா? அமெரிக்க மருத்துவர் சங்கம் 1966ல் சி.பி.டி. என்ற எண் புத்தகத்தைக் கொண்டுவந்தது. முதலில் நான்கு இலக்கம், 1970ல் ஐந்தானது. 1983ல் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் அதை எடுத்துக்கொண்டது. அப்புறம் அந்த எண் இல்லாமல் டாக்டருக்குக் காசு இல்லை.

2003 வரை சென்ட்ரல் லைனுக்குச் சில எண்கள்தான். இரண்டு வயது வரை 36488, அதற்கு மேல் 36489, தோலைக் கீறிப் போட்டால் வேறு இரண்டு. 2004ல் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புது வரிசை அமைத்தார்கள். வயதுக் கோடு ஐந்துக்கு நகர்ந்தது. சுரங்கம் உண்டா, போர்ட் உண்டா, கழுத்து வழியா, கை வழியா, புதிதா, மாற்றியதா, எடுத்ததா என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண். பெரியவருக்குச் சாதாரணமாகப் போட்டால் 36556. சுரங்கம் வைத்தால் 36558. போர்ட்டும் சேர்ந்தால் 36561. 2019ல் கை வழிக் குழாய்க்கு, ஸ்கேன் பார்த்துப் போட்டால் ஒரு எண், பார்க்காமல் போட்டால் ஒரு எண் என்று மறுபடி பிரித்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது ஒரு விதி. குழாய் எங்கே நுழைகிறது என்பதை வைத்து அது 'சென்ட்ரல்' ஆவதில்லை, நுனி எங்கே முடிகிறது என்பதை வைத்துத்தான். ஃபோர்ஸ்மான் கையில்தான் குத்தினார், ஆனாலும் இன்றைய விதிப்படி அது சென்ட்ரல்தான். அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போட்டதற்கு 36556 கூடவே 76937 என்று தனியாகக் கேட்க வேண்டுமென்றால், ரத்தக்குழாய் அடைப்பில்லாமல் இருந்தது என்று எழுதியிருக்க வேண்டும், படமும் சேமித்திருக்க வேண்டும். 1929ல் அந்த ஆள் கீழே போய் எடுத்த படத்தின் பேரப்பிள்ளை இது!

"குழாய் போடப்பட்டது, நோயாளி நன்றாக இருக்கிறார்" என்று ஒற்றை வரி எழுதும் டாக்டர்கள் உண்டு. நுனி எங்கே? சுரங்கமா? தெரியாது. நாமாக ஊகித்து எண் போடக்கூடாது. கேள்வி எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அங்கே ஒருவர் வீட்டுக்கு, உங்கள் காப்பீடு இதற்குப் பணம் தராது என்று கடிதம் போவதற்கு இந்த மாதிரி ஒரு வார்த்தை குறைந்தால் போதும்.

எண்ணால் நல்லதும் நடந்திருக்கிறது. இந்தக் குழாய் வழியாகக் கிருமி நேராக ரத்தத்தில் இறங்கும், ஆளையே கொல்லும். 2006ல் பீட்டர் பிரனோவோஸ்ட் குழுவினர் மிச்சிகன் ஐ.சி.யூ.க்களில் செய்த ஆய்வு வெளியானது. கை கழுவு, முழுசாகப் போர்த்து, குளோர்ஹெக்சிடின் தடவு, தொடை இடுக்கைத் தவிர், தேவை முடிந்ததும் எடுத்துவிடு. ஐந்தே விஷயம். ஆயிரம் குழாய் நாட்களுக்கு 2.7 என்றிருந்த நடுமதிப்பு மூன்றே மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. 2007 அக்டோபரில் இந்தத் தொற்றுக்கென்று 999.31 என்ற தனி நோய் எண் வந்தது. 2008 அக்டோபர் முதல், ஆஸ்பத்திரியில் வந்த இந்தத் தொற்றுக்காகக் கூடுதல் பணம் தர மாட்டோம் என்று மெடிகேர் சொல்லிவிட்டது. எண் இருந்ததால்தான் அப்படிச் சொல்லவே முடிந்தது.

நம் பக்கம் பார்த்தால் கதை வேறு. இதே கர்நாடகத்தில் 2003 ஜூனில் யஷஸ்வினி திட்டம் வந்தது. டாக்டர் தேவி ஷெட்டி முன்னின்று யோசனை சொன்னது. கூட்டுறவுச் சங்க விவசாயிகள் மாதம் 5 ரூபாய் கட்டினால் 1,600க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். 2018ல் ஆரோக்கிய கர்நாடகத்தோடு இணைத்தார்கள், 2022ல் திரும்பவும் தனியாகக் கொண்டுவந்தார்கள். இங்கே பேக்கேஜ் முறை. ஒரு ஆபரேஷன், ஒரு தொகை. குழாய், மயக்க மருந்து, படுக்கை எல்லாம் அதற்குள். மண்டியா கரும்பு விவசாயிக்கு ஐந்து பேரிடமிருந்து ஐந்து பில் வராது. அந்த விஷயத்தில் அமெரிக்காவை விட இது மேல் என்றுதான் சொல்வேன். நான் தினமும் பார்க்கிற கூத்து அப்படி.

ஆனால் ஒன்று. பேக்கேஜுக்குள் போன குழாய் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. எந்த நாளில் போட்டார்கள், எத்தனை நாள் இருந்தது, தொற்று வந்ததா என்பதற்கும் பணத்துக்கும் சம்பந்தமில்லை. காசுக்காக எண்ண வேண்டாம் சாமி, உயிருக்காகவாவது எண்ணலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாராவது ஐ.சி.யூ.வில் இருந்தால் டாக்டரிடமோ நர்ஸிடமோ பணிவாக இரண்டு கேள்வி கேளுங்கள். "சென்ட்ரல் லைன் எந்தத் தேதியில் போட்டீங்க? இன்னைக்கும் அது தேவைப்படுதா?" பதிலைத் தேதியோடு ஒரு தாளில் குறித்து வையுங்கள். அதற்கு ஐந்து இலக்க எண் எதுவும் வேண்டாம்.