சோறு என்ன பாவம் பண்ணுச்சு?

போன வருஷம் நான் ஜிம்ல சேர்ந்த முதல் வாரமே ட்ரெய்னர் சொன்னார், "சோத்தை நிறுத்துங்க ப்ரோ, மசில் தானா ஏறும்." நிறுத்திட்டேன். அம்மா முட்டைக்குழம்பு வச்சா, முட்டையை மட்டும் எடுத்துக்குவேன். ஒருநாள் அம்மா கேட்டாங்க, "சோறு என்னடா பாவம் பண்ணுச்சு?" பதில் தெரியல. அதைத் தேடிப் போனதுதான் இன்னைக்கு எபிசோடு.

கதை ஜெர்மனியில ஆரம்பிக்குது. 1842-ல யுஸ்டுஸ் ஃபொன் லீபிக் என்ற பெரிய வேதியியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். தசை வேலை செய்யும்போது தன்னோட புரோட்டீனையே எரிச்சுக்குது. மாவுச்சத்தும் கொழுப்பும் உடம்புக்குச் சூடு தர மட்டும்தான். அப்படின்னா உழைக்கிறவனுக்குக் கறிதான் எரிபொருள். லீபிக் சொன்னதால ரொம்பப் பேர் நம்பினாங்க.

1865 ஆகஸ்ட்ல சூரிச்சைச் சேர்ந்த ரெண்டு பேராசிரியர்கள், அடால்ஃப் ஃபிக்கும் யோஹான்னஸ் விஸ்லிசெனஸும், இதைத் தங்க உடம்புலேயே சோதிச்சுப் பார்த்தாங்க. முந்தின நாள் மதியத்துல இருந்து புரோட்டீனைத் தொடல. மாவுச்சத்தைக் கொழுப்புல பொரிச்ச பண்டமும் சர்க்கரை போட்ட டீயும் எடுத்துக்கிட்டாங்க. விடியற்காலையில சுவிட்சர்லாந்தோட ஃபவுல்ஹோர்ன் மலையில ஏற ஆரம்பிச்சாங்க. ஏறின உயரம் 1,956 மீட்டர். வழியெல்லாம் சிறுநீரைச் சேகரிச்சாங்க.

ஏன் சிறுநீர்? புரோட்டீன் எரிஞ்சா அதுல இருக்கிற நைட்ரஜன் அந்த வழியாத்தான் வெளியேறும். நைட்ரஜனை அளந்தா எவ்வளவு புரோட்டீன் எரிஞ்சதுன்னு கணக்குப் போட்டுடலாம். நம்ம ஊர் பாஷையில சொன்னா, சிஸ்டத்தோட லாக் ஃபைலைப் படிக்கிற மாதிரி.

ஒரு கிராம் புரோட்டீன் உடம்புல எவ்வளவு ஆற்றல் தரும்னு, ஃபிக்கோட சகோதரியைக் கல்யாணம் பண்ணியிருந்த எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட் 1866-ல அளந்து சொன்னார். கணக்குப் போட்டா, எரிஞ்ச புரோட்டீன் உடம்பை மலை மேல தூக்கின வேலைக்கே பத்தல. இதயம் துடிச்சதையும் மூச்சு விட்டதையும் சேர்க்காமலே! அப்போ ஏத்திவிட்டது மாவுச்சத்தும் கொழுப்பும்தான்.

அடுத்த கட்டம் ஸ்வீடன். 1960-கள்ல யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோமும் எரிக் ஹல்ட்மனும் தசையில ஊசி போட்டு, துளியூண்டு சதையை எடுத்துச் சோதிச்சாங்க. சைக்கிளுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர். ஆளுக்கு ஒரு காலால மிதி. மிதிச்ச கால்ல கிளைகோஜன் காலி. கிளைகோஜன்னா தசை சேமிச்சு வைக்கிற மாவுச்சத்து. அப்புறம் மூணு நாள் கார்போஹைட்ரேட் நிறையச் சாப்பிட்டதும், சும்மா இருந்த காலை விட மிதிச்ச கால்ல ஏறக்குறைய ரெண்டு மடங்கு கிளைகோஜன் சேர்ந்திருந்தது.

1967-ல அதே குழு உணவை மாத்தி மாத்திக் கொடுத்து, ஒரே வேகத்துல சைக்கிள் ஓட்ட வச்சாங்க. கார்போஹைட்ரேட் குறைஞ்ச உணவுல சராசரி 57 நிமிஷத்துல ஆள் சோர்ந்துட்டார். கலப்பு உணவுல 114 நிமிஷம். கார்போஹைட்ரேட் நிறைஞ்ச உணவுல 167.

சரி, இதெல்லாம் தாக்குப்பிடிக்கிற கதை. தசை வளர? 2011-ல கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல, உடற்பயிற்சிக்கு அப்புறம் 25 கிராம் வே புரோட்டீன் கொடுத்துப் பார்த்தாங்க. அதோட 50 கிராம் கார்போஹைட்ரேட் சேர்த்தும் தசைப் புரோட்டீன் உருவாகிற வேகம் கூடல. 2012-ல இத்தாலியின் முன்னணி ஜிம்னாஸ்டுகள் 30 நாள் கார்போஹைட்ரேட்டை ரொம்பக் குறைச்சாங்க. கொழுப்பு குறைஞ்சது, பலம் குறையல. ஆனா தசையும் குறிப்பிடும்படி ஏறல.

லீபிக் செய்த தப்பு, செங்கல்லையும் கரண்ட்டையும் ஒண்ணுன்னு நினைச்சது. புரோட்டீன் செங்கல். கார்போஹைட்ரேட் கரண்ட். சில நொடியில முடியிற ஒரே ஒரு தூக்குக்கு தசையில தயாரா இருக்கிற ஆற்றலே போதும். பத்துப் பன்னிரண்டு முறைன்னு செட் மேல செட் போட்டா, கிளைகோஜன் இறங்கும். நான் சோத்தை விட்ட மாசங்கள்ல ஸ்குவாட்டோட கடைசி செட்டுல கால் நடுங்கினதுக்கு இதுவும் ஒரு காரணமா இருந்திருக்கலாம்.

ஆக, தசை வளர சோறு கட்டாயம் இல்லை. தசையை வளர்க்கிற உழைப்புக்கு அது நல்ல துணை. ட்ரெய்னர் சொன்ன மாதிரி சோத்தை விட்டதால மட்டும் மசில் ஏறிடாது.

அம்மாகிட்ட இதையெல்லாம் விளக்கினேன். "மலையெல்லாம் ஏறித்தான் தெரிஞ்சுக்கணுமா?"ன்னு கேட்டுட்டு, தட்டுல சோத்தைப் போட்டாங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.